படகுக்கு முன்னால் பட்டியல்: 2018 கேரள வெள்ளமும் தேவாலயங்களும்

பெருவெள்ளம் வடிந்ததும் இரண்டு வகைச் செய்திகள் வரத் தொடங்கும். தேவாலயம் முகாமானது, கோயில் மண்டபத்தில் தொழுகை நடந்தது என்று நெகிழவைப்பவை ஒரு வகை. இந்த அமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, உதவி என்ற பெயரில் மதமாற்றம் நடக்கிறதா என்று சந்தேகம் கிளப்புபவை இன்னொரு வகை. வேலை எப்படி நடந்தது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. 2018 ஆகஸ்டில் கடலோரப் பங்குகளிலிருந்து (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் வாழும் எல்லைதான் பங்கு) மீன்பிடி வள்ளங்கள் லாரியேறி, கடலே இல்லாத பத்தனம்திட்டா மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதை அன்பு, மனிதநேயம் என்ற சொற்களால் மட்டும் விளக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது. அந்த அமைப்பின் பலமும் ஓட்டையும் ஒரே இடத்தில் இருந்தன என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றில் 41 மேற்கு நோக்கி ஓடுபவை. மலையில் பிறந்து கடலில் விழும்வரை அவற்றின் பாதை குறுகியது, சரிவு அதிகம். மேலே கொட்டும் மழை கீழே வந்து சேரச் சில மணி நேரமே போதும்.

2018 ஆகஸ்ட் 1 முதல் 19 வரை மாநிலத்தில் பெய்த மழை 758.6 மில்லிமீட்டர். அந்த நாட்களுக்கான வழக்கமான அளவு 287.6 மில்லிமீட்டர்தான். அணைகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை ஷட்டர்கள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டன. 14-ஆம் தேதிக்குப் பிறகு மழை மீண்டும் வலுத்தபோது தேக்கி வைக்க எங்கும் இடமில்லை. பெரியாறு ஆலுவாவுக்குள் புகுந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் 15-ஆம் தேதி மூடப்பட்டு 29-ஆம் தேதிதான் திறந்தது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆறுகள் குட்டநாடு வழியாக வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. குட்டநாட்டின் வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே கிடப்பவை. காயல் கொள்ளாத தண்ணீர் பின்னோக்கித் தேங்கிச் செங்கன்னூர், ஆறன்முளை, திருவல்லா வரை நின்றது.

அணைகளைத் தாமதமாகத் திறந்ததுதான் காரணமா, முல்லைப் பெரியாற்றுக்கு இதில் பங்கு உண்டா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. பெருமழைதான் முதன்மைக் காரணம், அணைகளின் பங்கு சிறியது என்று மத்திய நீர் ஆணையம் தன் அறிக்கையில் சொன்னது. அந்த வாதத்துக்குள் இங்கே போகவில்லை. நம் கேள்விக்கு வேண்டியது ஒன்றுதான்: 15-ஆம் தேதி இரவிலிருந்து 18 வரை லட்சக்கணக்கானோர் மாடிகளிலும் கூரைகளிலும் சிக்கியிருந்தார்கள்.

இதைக் கேரளத்து முதியவர்கள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பதோடு ஒப்பிட்டார்கள். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. அந்த ஒப்பீட்டில் ஒரு வேறுபாடு விட்டுப்போகிறது. 1924-இல் வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள். 2018-இல் செங்கன்னூர், கோழஞ்சேரி பக்கத்துப் பெரிய மாடி வீடுகள் பலவற்றில் இருந்தவர்கள் வயதான தம்பதியர் மட்டுமே. பிள்ளைகள் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருந்தார்கள்.

பங்கு என்ற அலகு

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் அடங்கிய எல்லைக்குப் ‘பங்கு’ என்று பெயர். பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம், அதன் தலைவர் ஆயர். பங்குக்குள்ளும் முப்பது நாற்பது வீடுகள் கொண்ட சிறு குழுக்கள் உண்டு. தமிழகத்தில் அவற்றை ‘அன்பியம்’ என்கிறோம். சிரியன் மரபுச் சபைகளிலும் மார்த்தோமா, சி.எஸ்.ஐ. சபைகளிலும் பெயர்கள் மாறும். எலும்புக்கூடு ஏறத்தாழ இதேதான். ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் மகல்லு ஜமாஅத், நாயர் சமுதாயத்தின் ஊர்ச்சங்கமான கரயோகம், ஈழவர் சமுதாய அமைப்பான ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகத்தின் கிளைகள் ஆகியவையும் இந்த வகையில் சேரும்.

இந்த அலகுக்கு அன்றாடத்தில் ஒரு பழக்கம் உண்டு. அது கணக்கு எழுதும். திருமுழுக்கு, திருமணம், சாவு ஆகியவை பதிவேட்டில் ஏறும். சந்தா யார் தந்தார், யார் தரவில்லை என்று இருக்கும். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறவருக்கு, எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், எந்த அறையில் கிடக்கிறார் என்பது வரை தெரியும். வெள்ளக் காலத்தில் இதைவிட விலைமதிப்புள்ள தகவல் வேறு இல்லை. அரசிடம் ரேஷன் அட்டையும் வாக்காளர் பட்டியலும் உண்டு. நடக்க முடியாத மாமியார் பின்கட்டு அறையில் இருக்கிறார் என்பது அவற்றில் இருக்காது.

ஒக்கி கற்றுக்கொடுத்தது

2018-ஐப் புரிந்துகொள்ள ஒன்பது மாதம் பின்னால் போகவேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடலோரத்தைத் தாக்கியபோது நூற்றுக்கணக்கான மீனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. ஒவ்வொரு கடலோரப் பங்கும் வீடு வீடாகக் கணக்கெடுத்தது: எந்தப் படகு, எத்தனை பேர், எப்போது கிளம்பினார்கள். அரசு சொன்ன எண்ணும் திருச்சபை சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை. குழித்துறை ரயில் நிலையத்தை மீனவக் குடும்பங்கள் முற்றுகையிட்டதற்கு இந்த முரணும் ஒரு காரணம்.

தமிழ் வாசகர்கள் கவனிக்கவேண்டிய சிறு விவரம்: குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருச்சபை நிர்வாகத்தில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. மாநில எல்லை அரசு அலுவலகங்களைப் பிரிக்கிறது, பங்குகளைப் பிரிக்கவில்லை. ஒக்கியின்போது எல்லைக்கு இருபுறமும் ஒரே கையால் பட்டியல் எழுத முடிந்தது இதனால்தான்.

ஆக, 2018 ஆகஸ்டில் அழைப்பு வந்தபோது அந்தக் கடலோரத்துக்கு யாரும் புதிதாக எதையும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. எந்த வள்ளம் யாருடையது, எந்த என்ஜின் வேலை செய்யும், யாரை எழுப்பினால் நான்கு பேரோடு வருவார் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

படகுகள் போன விதம்

கடற்படை, தேசியப் பேரிடர் மீட்புப் படை ஆகியவற்றின் ரப்பர் படகுகள் ஆற்று வெள்ளத்தின் இழுப்புக்கும், நீருக்கடியில் மறைந்திருந்த இரும்புக் கதவு, மதில்சுவர் முனைகளுக்கும் தடுமாறின. ஹெலிகாப்டர்கள் போதவில்லை. ஆகஸ்ட் 17 அன்று செங்கன்னூர் சட்டமன்ற உறுப்பினர் சஜி செறியான் தொலைக்காட்சியில் அழுதுகொண்டே ஹெலிகாப்டர் கேட்டார். அலைக்கு எதிராக ஏறிப் பழகிய கண்ணாடியிழை வள்ளங்களுக்கு அந்த நீரோட்டம் புதிதல்ல. திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழா, எர்ணாகுளம் கடற்கரைகளிலிருந்து அவை கிளம்பின.

கிளம்பிய வேலையைப் பிரித்துப் பார்த்தால் இப்படி வரும்:

1. அழைப்பு. மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் ஆயர் இல்லங்களைத் தொடர்புகொண்டன. பங்குகளில் ஒலிபெருக்கியிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தி போனது. மீனவர் தொழிற்சங்கங்களும் தனியாக ஆட்களைத் திரட்டின. எல்லாப் பெருமையையும் தேவாலயத்தின் தலையில் சூட்டுகிறவர்கள் சங்கங்களை மறந்துவிடுகிறார்கள்.

2. ஏற்றுதல். ஒரு வள்ளத்தை லாரியில் ஏற்ற ஆட்கள் வேண்டும், லாரி வேண்டும், கயிறு வேண்டும், என்ஜினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். லாரிக்குப் போலீசும் அரசுத் துறைகளும் ஏற்பாடு செய்தன. தோள் கொடுத்தது ஊர்.

3. வழிகாட்டி. விழிஞ்ஞத்து மீனவருக்குச் செங்கன்னூர்ச் சந்துகள் தெரியாது. தண்ணீருக்கடியில் சாலை எது, வயல் எது என்று சொல்ல உள்ளூர் இளைஞர் ஒருவர் படகில் ஏறவேண்டும். உள்நாட்டுப் பங்குகள், வாசகசாலைகள், கட்சிக் கிளைகள் இந்த ஆட்களைத் தந்தன.

4. முகவரி. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய உதவிக் கோரிக்கைகள் இணையதளத்தில் குவிந்தன. ஒரே வீட்டுக்குப் பத்துக் கோரிக்கைகள். காப்பாற்றப்பட்ட பிறகும் கோரிக்கை அழியாமல் நின்றது. ‘அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை, அடுத்த வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லத் தெரிந்த ஆள் அந்த ஊரில்தான் இருந்தார்.

நான்கில் மூன்றாவதும் நான்காவதும் சரியாக நடந்த இடங்களில் படகு நேரே வீட்டு வாசலுக்குப் போனது. மற்ற இடங்களில் படகு இருந்தும் சுற்றியலைந்தது.

அரசுக் கணக்குப்படி சுமார் 4,500 மீனவர்கள் 669 படகுகளில் போய் ஏறத்தாழ 65,000 பேரை மீட்டார்கள். முதல்வர் பினராயி விஜயன் படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அறிவித்தார். சக மனிதர்களைக் காப்பாற்றியதற்குப் பணம் வேண்டாம் என்று ஒரு மீனவ இளைஞர் பதில் சொன்ன காணொளி பரவியது. நல்ல காணொளிதான். ஆனால் மதிலில் மோதி உடைந்த வள்ளத்துக்குப் பழுது பார்க்கும் செலவு இருந்தது, வேலைக்குப் போகாத நாட்களின் இழப்பு இருந்தது. தியாகத்தைப் பாராட்டுவது இழப்பீட்டைவிட மலிவு.

முகாம்: யாருடைய கட்டடம், யாருடைய பொறுப்பு

ஒரு கட்டத்தில் 3,000-க்கும் மேற்பட்ட முகாம்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தார்கள். இதில் வாசகர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம், தேவாலயத்தில் நடந்த முகாம் தேவாலயத்தின் முகாமா என்பது.

பெரும்பாலும் இல்லை. முகாம் என்பது வருவாய்த் துறையின் பதிவு. கிராம அலுவலர் பெயர்களை எழுதுவார், அரிசி பொதுவிநியோகக் கிடங்கிலிருந்து வரும், மருத்துவக் குழுவைச் சுகாதாரத் துறை அனுப்பும். கட்டடம் மட்டும் பள்ளியுடையதாகவோ, தேவாலய மண்டபமாகவோ, மதரஸாவாகவோ இருக்கும். கேரளத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் கணிசமானவை திருச்சபை நிர்வாகத்தில் உள்ளவை என்பதால் இந்தக் கோடு மங்கலாகிவிடுகிறது.

கட்டடத்தோடு வந்த ஒன்று முக்கியமானது: பாத்திரம். ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அண்டாவும், அதைக் கையாளத் தெரிந்த ஆளும் பெருநாள் விருந்து நடத்தும் தேவாலயத்திலும், அன்னதானம் போடும் கோயிலிலும், கந்தூரி நடத்தும் பள்ளிவாசலிலும்தான் தயாராக இருக்கும். அந்த ஆகஸ்ட் 22 அன்று பக்ரீத். திருச்சூர் மாவட்டம் மாளாவுக்கு அருகே ஒரு கோயில் மண்டபத்தில் தொழுகைக்கு இடம் தந்தார்கள், பள்ளிவாசலில் தண்ணீர் நின்றதால். மலப்புறத்தில் ஒரு பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்தது. இவை அதிசயங்களாகப் பேசப்பட்டன. அந்த ஊர்க்காரர்களுக்கு, மேட்டில் இருக்கும் கட்டடத்தைத் திறந்துவிடுவது என்ற நடைமுறை விஷயமே முதலில் நின்றிருக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு வந்த வேலையில் தேவாலயங்களைவிடக் குடும்பஸ்ரீயின் பங்கு பெரியது. 1998-இல் தொடங்கிய இந்தப் பெண்கள் குழு அமைப்பு சேறு நிறைந்த வீடுகளைக் கழுவியது. வீட்டுச் சாமான்களை இழந்த குடும்பங்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் இதன் வழியாகவே போனது. இதுவும் பட்டியல் வைத்திருக்கும் அமைப்புதான். ஒரே வேறுபாடு, அந்தப் பட்டியல் மதத்தால் பிரிக்கப்பட்டதல்ல.

பட்டியலில் இல்லாதவர்கள்

இனி ஓட்டைக்கு வருவோம். பங்குப் பதிவேட்டில் பங்குக்காரர்கள்தான் இருப்பார்கள். படகில் போன மீனவர்கள் மதம் கேட்டு யாரையும் ஏற்றவில்லை. ஆனால் ‘எங்கே முதலில் போவது’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவருக்கு அவர் அறிந்த வீடுகளே முதலில் நினைவுக்கு வரும். இதில் கெட்ட எண்ணம் தேவையில்லை, அறிமுகம் போதும். மூன்று கூட்டத்தார் இப்படி ஓரத்தில் நின்றார்கள்.

ஒன்று, வெளிமாநிலத் தொழிலாளர்கள். பெரியாற்றங்கரைப் பெரும்பாவூரின் ஒட்டுப்பலகை ஆலைகளில் வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு ரேஷன் அட்டை இல்லை, வாக்கு இல்லை, பங்கு இல்லை.

இரண்டு, வயல் வரம்புகளிலும் காயலோரப் புறம்போக்கிலும் குடியிருந்த தலித் குடும்பங்கள். தாழ்ந்த நிலம் யாருக்குக் கிடைத்தது என்பதே சாதியின் வரலாறு. ஆலப்புழா மாவட்டத்தின் ஒரு முகாமில் தலித் குடும்பங்களோடு ஒன்றாக இருக்கவும் உண்ணவும் மறுத்து மேல்சாதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில விலகிப்போனதாக அப்போதே செய்தி வந்தது. தண்ணீர் எல்லோரையும் சமமாக்கியது என்று எழுதியவர்கள் அந்தச் செய்தியைப் படிக்கவில்லை போலும்.

மூன்று, எந்தச் சங்கத்திலும் சேராத வாடகைக் குடித்தனங்கள்.

பணம் வந்த வழி

சந்தேகங்கள் அதிகம் சூழ்ந்த பகுதி இது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

முதலில், அரசுக்கு வரும் வெளிநாட்டுப் பணம். 2018-இல் ஐக்கிய அரபு அமீரகம் 700 கோடி ரூபாய் தர முன்வந்ததாக முதல்வர் சொன்னார். அந்தத் தொகை முடிவானதல்ல என்று அமீரகத் தூதர் பிறகு சொன்னார். எப்படியாயினும் மத்திய அரசு மறுத்துவிட்டது. 2004-இலிருந்து வெளிநாட்டு அரசுகளின் பேரிடர் நிதியை இந்தியா பொதுவாக ஏற்பதில்லை.

அதே நேரத்தில், தொண்டு நிறுவனங்களுக்கு வரும் வெளிநாட்டுப் பணத்துக்கு வேறு கதவு உண்டு: வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. இதன்கீழ் பதிவு பெற்ற அமைப்பு உள்துறை அமைச்சகத்துக்குக் கணக்குக் காட்டிப் பணம் பெறலாம். கத்தோலிக்க ஆயர் பேரவையின் சமூகப்பணி அமைப்பான காரித்தாஸ் இந்தியா இப்படிப் பெற்று, மறைமாவட்டச் சமூகப்பணி மையங்கள் மூலம் செலவிட்டது. ஒரு நாட்டின் அரசு கொடுத்தால் தேசியக் கௌரவம் தடுக்கிறது. அதே நாட்டுத் தனிநபரோ அறக்கட்டளையோ கொடுத்தால் தடுப்பதில்லை. விசித்திரமாகத் தோன்றினாலும் சட்டப்படி இரண்டும் வெவ்வேறு.

2020-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. வெள்ள நிவாரணத்தைப் பாதித்த மாற்றங்கள் மூன்று:

1. பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது. பெரிய அமைப்பு டெல்லியில் பெற்று, ஊரிலுள்ள சிறிய அமைப்புக்குப் பிரித்துத் தரும் பழைய முறை இதோடு முடிந்தது.

2. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை என்றிருந்தது 20 சதவீதமாகக் குறைந்தது. அரிசி மூட்டை வாங்குகிறவருக்குச் சிக்கலில்லை. களப்பணியாளர் சம்பளமே முதன்மைச் செலவாக உள்ள அமைப்புக்குச் சிக்கல்.

3. எல்லாப் பணமும் முதலில் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளைக்கு வரவேண்டும்.

மதமாற்றத்துக்குப் பணம் போகிறது என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் வழி, கணக்கைப் பொதுவில் வைப்பது. பதிவு பெற்ற அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகள் அமைச்சக இணையதளத்தில் முன்பு எவரும் பார்க்கும்படி இருந்தன. 2022 ஜூலையில் அவை நீக்கப்பட்டன. குற்றம் சாட்டுகிறவரும் மறுக்கிறவரும் இப்போது காட்டிப் பேச ஆவணம் குறைந்துபோனது.

உள்நாட்டுப் பணத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஞாயிறு காணிக்கை, வளைகுடா இந்தியர் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது ஆகியவை வேறு கணக்கு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறிய உறவினர் அனுப்பினால் ஆகும். ஒரே குடும்பத்தின் அண்ணன் பணமும் தம்பி பணமும் வெவ்வேறு சட்டத்தில் விழலாம்.

வீடு

முழுதும் இடிந்த வீட்டுக்கு அரசு 4 லட்சம் ரூபாய் தந்தது. நிலமும் போனவர்களுக்கு நிலம் வாங்க 6 லட்சம் கூடுதல். திருச்சபைகளும் வீடுகள் கட்டித் தந்தன. கட்டுவதற்கு முன் எழும் கேள்வி எல்லோருக்கும் ஒன்று: நிலம் யார் பெயரில் இருக்கிறது? பட்டயம், அதாவது நிலப் பட்டா, இருந்தவருக்குப் பணம் எளிதில் வந்தது. ஆற்றுப் புறம்போக்கில் மூன்று தலைமுறை இருந்தவருக்கு அதே இடத்தில் கட்ட அனுமதியில்லை, வேறிடம் வாங்கத் தொகை போதவில்லை. படகுக்குப் போதுமாக இருந்த பங்குப் பதிவேடு இங்கே செல்லாது. வருவாய்த் துறையின் பதிவேடு மட்டுமே செல்லும்.

2018-க்குப் பிறகு

கேரள அரசு 2020-இல் ‘சமூக சன்னத்த சேனை’ என்ற தொண்டர் படையை அறிவித்தது. நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் 3.4 லட்சம் பேர் இலக்கு. பங்கும் மகல்லும் தங்கள் மக்களுக்குச் செய்வதை வார்டு அளவில் எல்லோருக்கும் செய்யும் ஏற்பாடு என்று இதைப் படிக்கலாம். 

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணும் நீருமாக அடித்துச் செல்லப்பட்டபோது மீண்டும் முதல் வேலை பட்டியலாகவே இருந்தது. யார் இருந்தார்கள், யாரைக் காணவில்லை? ரேஷன் அட்டையையும் வாக்காளர் பட்டியலையும் முகாம் பதிவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். உடல்களை அடையாளம் காட்டியவர்களில் வீடு வீடாகப் போய்வந்த ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் இருந்தார்கள். அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் அடக்கம் செய்தபோது எந்த மதத்தவர் என்று தெரியாததால் பாதிரியாரும் மவுலவியும் பூசாரியும் ஒவ்வொரு குழியருகிலும் நின்று பிரார்த்தித்தார்கள். நடுகற்களில் மரபணுப் பரிசோதனைக்காகத் தரப்பட்ட எண்கள் எழுதப்பட்டன. பரிசோதனை முடிவு வர வர, சில கற்களில் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் ஏறியது.